பரேல் ஆராய்ச்சிச்சாலையும் ஒரு புட்டி மருந்தும்

மும்பையில் வாழும் நம்மவர்க்குப் பரேல் என்னும் பகுதியை அறிமுகம் செய்து வைக்க வேண்டுவதில்லை. தாதரிலும் மாதுங்காவிலும் குடியிருந்து, கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் செல்வோர் அவ்வழியே நாள்தோறும் ரயிலில் போய் வருகின்றனர். டாட்டா புற்றுநோய் மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துச் சென்று, வெளியே மர நிழலில் காத்திருந்தவர்களும் நம்மில் பலர் உண்டு. அம்மருத்துவமனைக்குச் சிறிது தொலைவிலேயே ஒரு பழைய மாளிகை நிற்கிறது. ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் என்று அதற்குப் பெயர். அதன் வரலாற்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம். அவ்வரலாற்றில் நோயும் மருந்தும் மட்டுமன்றி, ஒரு விசாரணை அறிக்கையும் இடம் பெறுகிறது. அறிக்கைகளைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, மருந்தைக் காட்டிலும் அந்த அறிக்கையே நெஞ்சில் தைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அம்மாளிகை தொடக்கத்தில் கத்தோலிக்கப் பாதிரிமார்களின் மடமாக இருந்தது. பின்னர் ஆங்கிலேயர் அதைக் கைக்கொண்டு, பம்பாய்க் கவர்னர்களின் இல்லமாக்கினர். 1882-ஆம் ஆண்டில் கவர்னராயிருந்த சர் ஜேம்ஸ் பெர்குசனின் மனைவியார் அங்கே காலரா கண்டு இறந்தார். அதன்பின் கவர்னர்கள் கடற்காற்று வீசும் மலபார் முனைக்கே குடிபோயினர். காலராவுக்கு அஞ்சி ஆள்வோர் விட்டுச் சென்ற அந்த வீடு, காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்ட ஒருவரின் கைக்கே பின்னர் வந்து சேர்ந்தது.

அவர் வால்டிமார் ஹாஃப்கின். 1860-இல், அந்நாளைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஒடெஸ்ஸா நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே மெச்னிகாப் என்னும் புகழ் பெற்ற உயிரியல் அறிஞரிடம் பயின்றார். யூதருக்கு அந்நாட்டில் கல்லூரிப் பதவிகள் எளிதில் கிட்டா. எனவே ஜினீவாவுக்கும், அங்கிருந்து பாரிஸுக்கும் சென்றார். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் முதலில் அவருக்குக் கிடைத்தது நூலகத்தில் ஒரு சிறு வேலை. புத்தகங்களை அடுக்கிய நேரம் போக எஞ்சிய பொழுதில் கிருமிகளை ஆராய்ந்தார். 1892-இல் காலராவுக்கு ஒரு தடுப்பு மருந்து செய்து, அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அதைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்தார்.

அவர் வைத்தியப் பட்டம் பெற்றவர் அல்லர். விலங்கியல் பயின்றவர். ஆங்கிலேய இராணுவ வைத்தியர்கள் மிகுந்திருந்த அக்காலத்து இந்திய மருத்துவத் துறையில், பட்டமில்லாத ஒரு ரஷ்ய யூதர் மக்களுக்கு ஊசி போடுவதைப் பலர் முகம் சுளித்தே பார்த்தனர். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கல்கத்தாவில் 1894-இல் அவர் செய்த சோதனை, எண்ணிக்கையின் துணைகொண்டு உண்மையைக் காணும் முறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. காட்டல் பகான் என்னும் குடிசைப் பகுதியில் காலரா தோன்றியது. அங்கே வாழ்ந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதே குளத்து நீரைக் குடித்து, அதே சந்தில் வாழ்ந்த ஏனையோர் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு நோயுற்று இறந்தவர்கள் யாவரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வகை வாழ்க்கை நடத்துவோரை இரு பிரிவாக நோக்குவதுதான் இம்முறையின் உயிர்நிலை. இன்று எந்தப் புது மருந்தையும் இவ்வாறு ஒப்பிட்டே ஏற்கின்றனர்.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்டவி வட்டாரத்தில், துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளுக்கு அருகே, மக்கள் காய்ச்சலிலும் கட்டியிலும் மடியத் தொடங்கினர். அது பிளேக் என்று முதலில் உணர்ந்து சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்னும் கோவா நாட்டு வைத்தியர். சில மாதங்களுக்குள் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினர். அவர்களோடு நோயும் வெளியேறிப் பிற ஊர்களுக்குப் பரவியது. 1898-இல் அது பெங்களூரை அடைந்தது. மல்லேசுவரத்திலும் பசவனகுடியிலும் குடியிருக்கும் நம்மவர்கள் தங்கள் தெருக்கள் ஏன் இத்தனை அகலமாகவும் காற்றோட்டமாகவும் அமைந்தன என்று கேட்டால், அதற்கு விடை அந்தப் பிளேக்கில் இருக்கிறது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் தோன்றியதும் அந்நோயின் நினைவாகவே.

கல்கத்தாவிலிருந்து ஹாஃப்கின் பம்பாய்க்கு வரவழைக்கப்பட்டார். 1896 அக்டோபரில் வந்து சேர்ந்த அவருக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தனர். துணைக்கு ஒரு குமாஸ்தாவும் மூன்று சேவகர்களும். இந்தப் படையோடு அவர் வேலையைத் தொடங்கினார்.

மருந்து செய்த முறை நம் சமையலறைக்குச் சற்று நெருக்கமானது. பிளேக் கிருமியை வளர்க்க ஒரு சாறு வேண்டும். ஐரோப்பாவில் மாட்டிறைச்சிச் சாறு பயன்பட்டது. இந்த நாட்டில் மாட்டிறைச்சியை ஒரு சாராரும், பன்றி இறைச்சியை மற்றொரு சாராரும் வெறுப்பர் என்று உணர்ந்து, அவர் ஆட்டிறைச்சியை அமிலத்தில் கரைத்துச் சாறு இறக்கினார். அச்சாற்றைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி, மேலே சிறிது நெய்யை மிதக்க விட்டார். கிருமிகள் நெய்த்துளிகளின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு, குகைக் கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் இறங்குவது போல, வெண்ணிற விழுதுகளாகக் கீழ்நோக்கி வளர்ந்தன. பிளேக் கிருமியை இனங்காண்பதற்கும் இந்த விழுதுகளே அடையாளமாயின. சில நாளைக்கு ஒருமுறை குடுவையை மெல்ல அசைத்தால் விழுதுகள் உதிர்ந்து அடியில் தங்கும். நெய்யின் கீழே புதிய விழுதுகள் தோன்றும். ஏறத்தாழ ஆறு வாரம் இவ்வாறு வளர்த்த பின், குடுவையைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்று, சிறிதளவு கார்பாலிக் அமிலம் சேர்த்துப் புட்டிகளில் அடைப்பார்கள். உயிரற்ற அக்கிருமிகளை உடலிற் செலுத்தினால், உடல் முன்கூட்டியே நோயோடு போரிடப் பழகிக்கொள்ளும்.

1897 ஜனவரி 10-ஆம் நாள் ஹாஃப்கின் அம்மருந்தைத் தாமே போட்டுக்கொண்டார். பிறருக்குப் பின்னாளில் தரப்பட்ட அளவினும் பன்மடங்கு மிகுதியாகப் போட்டுக்கொண்டார். கடுங்காய்ச்சலும் வலியும் கண்டன. அவற்றோடு வழக்கமான வேலைகளையும் கவனித்தார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் தோன்றியது. கைதிகளில் விரும்பி முன்வந்த ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஊசி போட்டனர். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பின், அவர்களுள் நோயுற்றவர் மிகச் சிலரே, அச்சிலரும் பிழைத்தனர். ஊசி போட்டுக்கொள்ளாத பாதியில் நோயுற்றவர் அதனினும் பலர், இறந்தவர்களும் உண்டு. கல்கத்தாக் குடிசைகளில் கண்ட அதே கணக்கு இங்கும் நின்றது.

இதே மாதங்களில் அரசாங்கம் வேறொரு வழியில் பிளேக்கை எதிர்த்தது. படைவீரர் வீடுவீடாகப் புகுந்து சோதித்தனர். நோயுற்றவரையும் அவர் வீட்டாரையும் பிரித்து முகாம்களுக்குக் கொண்டுபோயினர். பூஜையறை என்றும் அந்தப்புரம் என்றும் பாராது நுழைந்ததால் மக்கள் உள்ளம் கொதித்தது. 1897 ஜூன் 22-ஆம் நாள் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டதும், அதற்காகச் சாபேகர் சகோதரர்கள் தூக்கிலேறியதும் நாட்டு விடுதலை வரலாற்றில் நாம் படித்தவை. அத்தகைய சூழ்நிலையில், சர்க்கார் தரும் ஊசி என்றாலே மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. ஆகவே கட்டாயத்தை விட்டு, விரும்பி வருவோர்க்கே ஊசி என்னும் வழியை ஹாஃப்கின் நம்பினார். கோஜா சமூகத்தின் தலைவரான இளம் ஆகா கான் பலர் அறியத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்றி அச்சமூகத்தார் பல்லாயிரவர் முன்வந்தனர். ஆராய்ச்சிச்சாலைக்கு இடம் போதாதபோது ஒரு பங்களாவைக் கொடுத்து உதவியவரும் அவரே. 1899 ஆகஸ்டு 10-ஆம் நாள் பரேல் மாளிகையிலேயே பிளேக் ஆராய்ச்சிச்சாலை நிலையாகத் திறக்கப்பட்டது. ஹாஃப்கின் அதன் தலைமை இயக்குநரானார்.

மூன்றாண்டு கழித்துப் பேரிடி விழுந்தது. 1902-இல் பஞ்சாபில் பிளேக் கடுமையாயிற்று. லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட அம்மாகாண அரசாங்கம் முடிவு செய்து, மருந்தை விரைந்து அனுப்பும்படி கேட்டது. பழைய முறையில் ஆறு வாரம் காத்திருக்க இயலாது. எனவே ஹாஃப்கின் கடற்பாசிக் கூழாகிய அகார் மீது கிருமிகளை வளர்க்கும் விரைவான முறையைக் கையாண்டார். அம்முறையில் சூட்டினாலேயே கிருமிகளைக் கொன்றனர். கார்பாலிக் அமிலம் சேர்ப்பது கைவிடப்பட்டது.

1902 அக்டோபர் 30-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள மல்கோவால் என்னும் கிராமத்தில், 107 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். ஐந்து புட்டிகள் திறக்கப்பட்டன. ஏறக்குறைய ஒரு வாரம் கழிந்தது. அவர்களுள் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்தது. தனுசு என்றால் வில். தனுர்வாதம் என்று நம் வைத்திய நூலார் இட்ட பெயர் எவ்வளவு கொடிய பொருத்தம் உடையது என்பது, அந்த நோயாளியைக் கண்டவர்க்கே தெரியும். பத்தொன்பது பேரும் இறந்தனர். அவர்கள் யாவருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து போடப்பட்டிருந்தது. அதன் அடையாளம் 53-என். மற்ற நான்கு புட்டிகளிலிருந்து மருந்து பெற்றவர்களுள் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை.

தங்கள் குடும்பத்தாரைக் காக்கும் என்று நம்பி, கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு, அதனாலேயே மாண்ட அக்கிராமத்தாரின் துயரத்தை எந்த வாதத்தாலும் குறைத்துக் கூற இயலாது. யார் பிழை என்று கேட்கப்பட்டது நியாயமே. கேள்வி இதுதான்: 53-என் புட்டிக்குள் தனுர்வாதக் கிருமி எங்கே புகுந்தது? பம்பாயில், புட்டி நிரப்பப்பட்டபோதா? அல்லது மல்கோவாலில், அது திறக்கப்பட்டபோதா?

பம்பாய்த் தலைமை நீதிபதி சர் லாரன்ஸ் ஜென்கின்ஸின் தலைமையில் மூவர் கொண்ட கமிஷன் விசாரித்தது. புட்டி திறக்கப்படும் முன்பே, அதாவது ஆராய்ச்சிச்சாலையிலேயே, அது மாசுற்றிருக்கலாம் என்னும் முடிவுக்குக் கமிஷன் சாய்ந்தது. கார்பாலிக் அமிலத்தை விட்டது பெருந்தவறு என்றும் கருதப்பட்டது. ஹாஃப்கின் சம்பளமின்றிப் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 1904-இல் இந்தியாவை விட்டு இங்கிலாந்து சென்றார்.

இவ்விடத்தில் என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமற் போனது பற்றிய விசாரணைக் குறிப்பு தமிழாக்கத்துக்காக என்னிடம் வந்தது. கீழ்நிலை எழுத்தர் ஒருவரின் கவனக்குறைவு அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்பது ஆங்கில மூலம். மாலை நேரம், அவசரம். 'கவனக்குறைவே காரணம்' என்று நான் வாக்கியத்தை முடித்துவிட்டேன். படிப்பதற்கு அதுவே நல்ல தமிழாகவும் இருந்தது! மறுநாள் அந்த எழுத்தர், நம்மவர், பிரதியோடு என் மேசைக்கு வந்து நின்றார். "சார், இங்கிலீஷில் 'கூடும்' என்று இருக்கிறது. தமிழில் அது விழுந்துவிட்டது போலிருக்கிறது" என்றார். குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பிரதி மேலிடத்துக்குப் போகுமுன் அதைத் திருத்தினேன். ஆயினும் ஓர் அடைமொழியில் ஒருவருடைய சோறு தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அன்று உணர்ந்தேன். மல்கோவால் வரலாற்றை நான் விடாது படித்ததற்கு அந்த எழுத்தரே காரணம்.

கமிஷனின் முடிவுக்கு எதிராக இருந்த சான்றுகளைப் பார்ப்போம். புட்டியைத் திறக்கும்போது, தக்கையை எடுக்கப் பயன்படும் இடுக்கி உதவியாளர் கையிலிருந்து தரையில் விழுந்தது என்று விசாரணையிலேயே தெரியவந்தது. அத்தகைய கருவியை நெருப்பில் காட்டித் தூய்மை செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் அதைக் கார்பாலிக் நீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தினர். தனுர்வாதக் கிருமி வாழும் இடம் மண்ணும் சாணமும் கலந்த தரை. அதன் வித்துக்கள் அத்தகைய அலசலுக்கு அழியா. இரண்டாவது, பம்பாயில் புட்டி நிரப்பப்பட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. அன்றே கிருமி புகுந்திருந்தால், மூடிய புட்டிக்குள் அது பெருகித் துர்நாற்றம் வீசியிருக்கும். திறந்தபோது அத்தகைய நாற்றம் எதுவும் காணப்படவில்லை. மூன்றாவது, அவ்வளவு நாள் பெருகிய நஞ்சு உடலுள் சென்றிருந்தால் நோய் மிக விரைவிலேயே தோன்றியிருக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் பொறுத்திராது. கார்பாலிக் அமிலத்தைப் பற்றிய குற்றச்சாட்டும் நிலைக்கவில்லை. மருந்தில் முன்பு சேர்த்துவந்த சிறிய அளவு அந்த வித்துக்களைக் கொல்லும் ஆற்றல் உடையதன்று. பாரிஸில் பாஸ்டர் நிலையத்தாரும் அதைச் சேர்க்காமலே மருந்து செய்து வந்தனர்.

இச்சான்றுகளை லண்டன் லிஸ்டர் நிலையத்தார் ஆராய்ந்தனர். விசாரணைப் பத்திரங்கள் 1906 இறுதியில்தான் வெளியாயின. நான்காண்டுகள் வாய்மூடி இருக்க நேர்ந்த ஹாஃப்கினுக்காக அப்போது குரல் எழுப்பியவர் ரொனால்டு ராஸ். செகந்திராபாத்தில் 1897-இல் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு, 1902-இல் நோபல் பரிசு பெற்றவர். இந்திய மருத்துவத் துறையின் மனப்போக்கை உள்ளிருந்தே அறிந்தவர். ஓர் ஆராய்ச்சியாளரை ஐயத்தின் பேரில் தண்டித்தது மட்டுமன்றி, பஞ்சாப் மக்களின் நம்பிக்கையையும் வீணே சிதறடித்தனர் என்பதே அவர் வாதத்தின் சாரம். 1907 ஜூலையில் அவரும் வேறு ஒன்பது கிருமியியல் அறிஞரும் கையெழுத்திட்ட கடிதம் லண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஹாஃப்கின் மீதிருந்த பழி நீக்கப்பட்டது.

நம்பிக்கை சிதறியதன் விலையையும் சொல்ல வேண்டும். மல்கோவாலுக்குப் பின் பஞ்சாபில் ஊசித் திட்டம் தளர்ந்தது. பழி நீங்கிய அதே 1907-ஆம் ஆண்டில், இந்தியாவில் பிளேக்கால் இறந்தோர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பஞ்சாபியர். அனைவரையும் ஊசி காத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அம்மருந்து நோயைக் குறைத்ததே தவிர முற்றும் தடுத்ததில்லை. அதன் பயனும் சில மாதங்களே நிற்கும். ஆயினும் காத்திருக்கக்கூடியவர் பலர் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

ஹாஃப்கின் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். ஆனால் பரேலில் அவருக்கு இடமில்லை. கல்கத்தாவில் ஒரு சிறிய ஆராய்ச்சிச்சாலையைக் கொடுத்தனர். பிளேக் மருந்து செய்யும் வசதி அங்கே இல்லை. முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார்.

அவர் இல்லாத பரேல் ஆராய்ச்சிச்சாலை உறங்கிவிடவில்லை. பிளேக் எவ்வாறு பரவுகிறது என்னும் புதிர் அவிழ்ந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமக்கிறது என்று பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1898-இல் கராச்சியில் கண்டார். அவரை நம்பினோர் சிலரே. 1905-இல் பரேலில் கூடிய ஆராய்ச்சிக் குழுவினர் சிறு கொட்டகைகளைக் கட்டிச் சோதித்தனர். தெள்ளுகள் நிறைந்த தரைக்கு அருகே வைத்த கூட்டிலிருந்த கினிப்பன்றிகள் மாண்டன. இரண்டடி உயரத்தில் தொங்கவிட்ட கூட்டிலிருந்தவை பிழைத்தன. தெள்ளு சில அங்குலமே துள்ளும், பறக்கத் தெரியாது. கூட்டைத் தூக்கிக் கட்டிய கயிறு ஒன்றே பல நூல்கள் தீர்க்காத வழக்கைத் தீர்த்துவிட்டது! எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்து வயற்காட்டில் குடிசை போட்ட நம் பாட்டன்மார் காரணம் அறியாமலே சரியானதைச் செய்தனர் என்பதும் அப்போது விளங்கிற்று.

பின்னாளில் அங்கே பாம்புக்கடி மருந்தும், வெறிநாய்க்கடிக்கு ஊசியும் செய்யப்பட்டன. 1932-இல் சாகிப் சிங் சோக்கி அந்நிலையத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அவர் காலத்தில் சல்பா மருந்துகள் பிளேக்கைக் குணப்படுத்தும் என்று அங்கு மெய்ப்பிக்கப்பட்டது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1994-இல் சூரத் நகரில் பிளேக் என்ற சொல் எழுந்து லட்சக்கணக்கானோர் ஓடியபோது, வைத்தியர் கையில் மருந்து இருந்தது. ஓடியோர் மனத்தில் இருந்ததோ 1896-இன் அச்சமே. அவ்வூரில் நெசவாலைகளில் பணிபுரிந்த நம்மவர் சிலர் அந்நாட்களை இன்றும் மறந்திருக்கமாட்டார்கள்.

1925-இல் பம்பாய் அரசாங்கம் பரேல் ஆராய்ச்சிச்சாலைக்கு ஹாஃப்கின் பெயரைச் சூட்டியது. அப்போது அவருக்கு வயது 65. பம்பாயில் செய்த பணியே தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைக் கொண்டது என்று நன்றி கூறி எழுதினார். ஐந்தாண்டு கழித்து, 1930 அக்டோபரில், சுவிட்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் காலமானார். 1964-இல் நம் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை ஒன்றை வெளியிட்டது. என் தந்தையாரின் பழைய ஆல்பத்தில், காந்தியடிகளுக்கும் ஒரு புலிக்கும் நடுவே, அது ஒட்டப்பட்டிருக்கிறது. யார் இவர் என்று சிறுவயதில் நான் கேட்டபோது, "யாரோ டாக்டர்" என்றார் தந்தையார்.